யாருக்கும் ஆணையிட முடியாத தளபதி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் படைகளில் பதவி வரிசைப்படி எல்லாருக்கும் மேலே இருப்பவர், ஒவ்வொரு படையின் தளபதியும் உட்காரும் கூட்டுப் படைத் தளபதிகள் குழுவின் தலைவர். தோளில் நான்கு நட்சத்திரம், பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் அலுவலகம். நம் செய்தித்தாள்கள் சில சமயம் அவரை ‘அமெரிக்க முப்படைத் தளபதி’ என்றே எழுதிவிடுகின்றன. ஆனால் ஒரே ஒரு படைப்பிரிவைக்கூட ஓரிடத்திலிருந்து நகர்த்தச் சொல்ல அவருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை. யாரோ எழுத மறந்துபோன அதிகாரமல்ல அது. வேண்டுமென்றேதான் கொடுக்காமல் விட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தளபதிகள் ஒரே குழுவாகப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஈடாக உட்கார அமெரிக்காவுக்கும் ஒரு குழு தேவைப்பட்டது. 1942-இல் தரைப்படையின் மார்ஷல், கடற்படையின் கிங், தரைப்படை விமானப் பிரிவின் அர்னால்ட், அதிபரின் படைத்துறை அலுவலர் லீஹி ஆகியோர் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதற்குச் சட்ட ஆவணம் எதுவும் கிடையாது. 1947-இல் அதற்குச் சட்டம் வந்தபோது, ஜெர்மன் பாணியில் ஒரே தளபதியகம் முளைத்து நாட்டை ஆட்டிவைக்குமோ என்ற அச்சம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் பலமாக இருந்தது. அதனால் குழுவுக்கு உதவும் கூட்டுப் பணியகத்தில் 100 அதிகாரிகளுக்கு மேல் கூடாது என்று எழுதினார்கள். 1949-இல் தலைவர் பதவியை உருவாக்கி ஜெனரல் ஒமார் பிராட்லியை அமர்த்தியபோது, அவருக்கு வாக்குரிமையைக்கூடத் தரவில்லை.

அதனால் விளைந்தது என்ன? குழுவின் கருத்து என்றால் எல்லாரும் ஒப்பும் கருத்து என்றாயிற்று. ஓர் ஆலோசனைக் கடிதம் பென்டகனுக்குள் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். முதல் வரைவு மெல்லிய தாளில். அடுத்தது வெளிர்மஞ்சள் தாளில். அதன்பின் பச்சை. கடைசியாக, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தாள். ஒவ்வொரு நிறத்திலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடல்வழி இறங்கிப் போரிடும் மரைன் படை என்று நான்கு பேரும் தங்களுக்குப் பிடிக்காத சொல்லை அடித்தார்கள். சிவப்புக் கோட்டை எட்டும்போது அந்தக் கடிதத்தில் எவரையும் உறுத்தும் ஒரு வரிகூட மிஞ்சாது. அதிபருக்கு அதனால் பயனும் இராது.

காகிதத்தில் இருந்த இந்தக் கோளாறு 1980 ஏப்ரல் 24 இரவு ஈரான் பாலைவனத்தில் உயிர்களைக் காவு வாங்கியது. தெஹ்ரானில் பிடித்துவைக்கப்பட்ட தூதரக ஊழியர்களை மீட்கும் திட்டம். அதிரடி வீரர்கள் தரைப்படையைச் சேர்ந்தவர்கள், அவர்களைச் சுமந்து வந்த சி-130 விமானங்கள் விமானப்படையுடையவை. நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் விமானிகள். ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக இத்தனை பேரும் ஒருமுறைகூட ஓரிடத்தில் முழு ஒத்திகை பார்க்கவில்லை.

எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. பணியைத் தொடர குறைந்தது ஆறு வேண்டும். ஒன்று சுழல் இறக்கையில் விரிசல் என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் வழியில் கைவிடப்பட்டது. இன்னொன்று புழுதி மண்டலத்தில் கருவிகள் பழுதாகிக் கப்பலுக்கே திரும்பியது. அப்படிப் புழுதி தொங்கும் என்ற குறிப்பு திட்டத்தின் வானிலை இணைப்பில் இருந்தும் விமானிகளின் கைக்குப் போகவில்லை. இறங்குமிடத்தில் வானம் தெளிவாக இருந்ததையும் வானொலி மௌனத்தால் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது, வந்து சேர்ந்தபின் ஹைட்ராலிக் கோளாறால் முடங்கியது. மிச்சம் ஐந்து, பணி ரத்து. திரும்பும் அவசரத்தில், கிளம்பிய புழுதியில், ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் சுமந்த விமானத்தின் மேல் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள்: விமானப்படையினர் ஐவர், மரைன்கள் மூவர். அந்த மணல்வெளியில் யார் யாருக்கு மேலதிகாரி என்பது பலருக்குத் தெளிவாக இல்லை.

ஆணை எத்தனை கை மாறிப் போனது என்பதற்கு லெபனான் தலைநகர் பெய்ரூட்டைச் சொல்லலாம். 1983 அக்டோபர் 23 அன்று மரைன் முகாமில் லாரி குண்டு வெடித்து 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அவர்களுக்கு மேலே ஐரோப்பியத் தலைமையகம் ஸ்டுட்கார்ட்டில், கடற்படைத் தலைமையகம் லண்டனில், பிறகு ஆறாவது கப்பற்படை, அதற்குக் கீழே தரையிறக்கக் கப்பல் அணி. முகாமின் காவலைச் சரிபார்க்க வேண்டியவர் இவர்களில் யார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம்.

இதற்கு முந்தைய ஆண்டே, குழுவின் தலைவராக இருந்த ஜெனரல் டேவிட் ஜோன்ஸ் பதவியில் இருந்தபடியே காங்கிரஸ் முன் வந்து, இந்த அமைப்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார். கடற்படை கடுமையாக எதிர்த்தது. இருந்தும் 1986-இல் செனட்டில் 95-0 என்று வாக்கு விழுந்தது. அக்டோபர் 1 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். செனட்டர் கோல்ட்வாட்டர், பிரதிநிதி நிக்கல்ஸ் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது இந்தச் சட்டம்.

சட்டம் செய்ததை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது, தலைவர் இனி குழுவின் ஒருமித்த கருத்தைச் சுமக்க வேண்டாம். தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாம். மற்றவர்களின் மாற்றுக்கருத்தையும் மறைக்காமல் தர வேண்டும். இரண்டாவது, ஆணை அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கு, அவரிடமிருந்து நேரே, களத்தில் எல்லாப் படைகளையும் சேர்த்து நடத்தும் களத் தலைமையகத் தளபதிக்கு. அந்தந்தப் படையின் தளபதிகள் வீரர்களைப் பயிற்றுவித்துத் தருவார்கள். போர்நடத்துவது அவர்கள் வேலையல்ல.

மூன்றாவதுதான், என் கணிப்பில், உண்மையிலேயே மாற்றியது: பதவி உயர்வு. முன்பெல்லாம் கூட்டுப் பணியகத்துக்கு அனுப்பப்படுவது தொழில் முடிந்ததற்கு அடையாளம். கெட்டிக்கார அதிகாரியைச் சொந்தப் படை விடாது. போனவருக்கோ பதவி உயர்வு சொந்தப் படையின் கையில்தான். அதனால் அங்கே உட்கார்ந்தும் அவர் தன் படைக்கே வக்காலத்து வாங்கினார். கூட்டுப் பணியில் இருந்தவருக்கு, தன் படைத் தலைமையகத்தில் இருப்பவருக்குக் குறையாத வேகத்தில் உயர்வு கிடைக்க வேண்டும் என்றும், கூட்டுப் பணி பார்க்காதவர் ஜெனரலாகவோ அட்மிரலாகவோ ஆக முடியாது என்றும் சட்டம் சொன்னது. விலக்குகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன; அணுசக்திக் கப்பல் அதிகாரிகளுக்குக் கடற்படை கேட்டு வாங்கியது அவற்றில் ஒன்று. ஆனாலும் நல்ல அதிகாரிகள் தாங்களாகவே கூட்டுப் பணி கேட்டு வரத் தொடங்கினார்கள்.

1991 வளைகுடாப் போரில் ஷ்வார்ஸ்காஃப் களத்தளபதி, கொலின் பவல் குழுத் தலைவர். தொலைக்காட்சியில் இருவரையும் பார்த்தவர்கள் பவல்தான் போரை நடத்துகிறார் என்று நினைத்தார்கள். ஆணை கொடுத்தவர் பாதுகாப்பு அமைச்சர் செனி. அதை வடிவமைத்துக் களத்துக்குக் கொண்டுசேர்த்தவர் பவல்.

அந்தக் கொண்டுசேர்க்கும் வேலைக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்: அதிபர் விரும்பினால் களத் தளபதிகளுக்கான செய்திகளைத் தலைவர் வழியாக அனுப்பலாம். 2021 செப்டம்பரில் செனட் குழு முன் நின்ற அப்போதைய தலைவர் ஜெனரல் மார்க் மில்லி, ஆணைச் சங்கிலியில் தான் இல்லை, செய்தித் தொடர்புச் சங்கிலியில் இருக்கிறேன் என்று விளக்கியது இந்த வாசலை வைத்துத்தான். நன்றி, வணக்கம்.