வில்கின்சனின் ஆய்வுகளில் பெரியது எது? ஒரு மாணவியின் சந்தேகத்துக்கு விளக்கம்

களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர், இரசாயனவியலாளர் வில்கின்சனைப் பற்றிய சென்ற உரையைக் கேட்டுவிட்டு இப்படி எழுதியிருக்கிறார்: "ஜெப்ரி வில்கின்சனுக்கு நோபல் பரிசு பெரோசீன் போன்ற சேர்வைகளுக்காகக் கிடைத்தது என்றீர்கள். ஆனால் அவருடைய பெயரைச் சுமப்பது ஒரு ரோடியம் ஊக்கிதானே, ஐயா. அவருடைய ஆய்வுகளில் பெரியது எது?" இந்தக் கேள்வி மூன்று நாட்களாக என்னை விடவில்லை.

பரிசுக்குரிய விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951 இறுதியில் கீலி, போசன் என்ற ஆய்வாளர்கள் அறிவித்த செம்மஞ்சள் பளிங்குச் சேர்வைதான் பெரோசீன். அதில் இரும்பு இரு பக்கமும் ஒவ்வொரு காபனை மட்டும் பற்றியிருப்பதாக அவர்கள் வரைந்திருந்தார்கள். அப்போது ஹாவர்டில் இருந்த வில்கின்சனும் வூட்வேட்டும், தனியாக மியூனிக்கில் பிஷரும், 1952இல் அந்தப் படத்தை மாற்றினார்கள். காபன்–ஐதரசன் பிணைப்புக்குச் செந்நிறக்கீழ் நிறமாலையில் ஒரேயொரு உறிஞ்சல்தான் இருந்தது. ஆகவே பத்து ஐதரசன்களும் ஒரே நிலையில் இருக்கவேண்டும், இரும்பு ஐந்து காபன்கள் கொண்ட இரண்டு வளையங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கவேண்டும். 1973இல் பரிசு பிஷருக்கும் வில்கின்சனுக்கும் சேர்த்தே கிடைத்தது.

ஆனால் அந்தப் பரிசை ஏற்று ஆற்றிய உரைக்கு வில்கின்சன் எடுத்துக்கொண்ட தலைப்பு வேறு: நிலைத்து நிற்கும் தாண்டல் உலோக அல்கைல்களுக்கான நெடுந்தேடல். இரும்பு, ரோடியம், தங்குதன் போன்ற தாண்டல் உலோகங்களோடு மெதைல், எதைல் போன்ற காபன்–ஐதரசன் கூட்டங்கள் நேரடியாக இணைந்த சேர்வைகளே இந்த அல்கைல்கள். என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தாண்டல் உலோகங்களுக்கும் காபனுக்கும் இடையிலான எளிய பிணைப்பு வலுவற்றது, அதனால்தான் அத்தகைய சேர்வைகள் சிதைகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நானும் மாணவனாக அப்படித்தான் எழுதிப் புள்ளி பெற்றேன். வழமையாகக் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை நான் மீண்டும் சொல்லத்தான் வேண்டும். சிறுவயதில் அப்பப்பாவோடு மாரி காலத்தில் அங்கே போயிருக்கிறேன். வாவி நிறைந்து, படுவான்கரை வயல்கள் நீரில் கிடக்கும். இருந்தும் மணல்மேடு அடைத்திருக்கும்வரை நீர் கடலுக்குப் போகாது. மேட்டில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும், பொழுதுக்குள் அதுவே அகன்று வாவி ஓடத் தொடங்கிவிடும். நீர் நிற்பதும் ஓடுவதும் மட்டத்தை மட்டும் பொறுத்ததல்ல, வழி திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

உலோகத்தோடு இரண்டு காபன்கள் கொண்ட ஓர் எதைல் கூட்டம் இணைந்திருக்கிறது என்று வையுங்கள். உலோகத்தைத் தொடும் காபனுக்கு அடுத்த காபனில் ஐதரசன் இருக்கிறது. உலோகத்தின் அருகே ஓர் இடம் வெறுமையாக இருந்தால் அந்த ஐதரசன் உலோகத்துக்குத் தாவ, எஞ்சியது எதீனாக நழுவிவிடும். பிணைப்பு வலுவற்றதென்பதால் அல்ல, வழி திறந்திருப்பதால்தான் சேர்வை போய்விடுகிறது. அந்த வழியை அடைக்க இரண்டு முறைகள் உண்டு. ஐந்து அமோனியா மூலக்கூறுகள் ரோடியத்தை இறுகச் சூழ்ந்திருந்தபோது, அதே எதைல் கூட்டம் நீர்க்கரைசலிலும் நிலைத்து நின்றதை வில்கின்சனின் ஆய்வுகூடம் காட்டியது. மற்றது, தாவுவதற்கு ஐதரசனே இல்லாத கூட்டத்தைத் தெரிவது: மெதைலுக்கு அடுத்த காபன் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அவருடைய குழு தங்குதனோடு ஆறு மெதைல்களை இணைத்து ஒரு சிவந்த சேர்வையை அறிவித்தது. அது அறை வெப்பநிலையில் நெடுநேரம் தங்காது, வெடிக்கவும் கூடும். ஆயினும் ஆறு மெதைல்களைத் தாங்கும் ஒரு மூலக்கூறைக் கையில் எடுத்த பின்னர், பிணைப்பே வலுவற்றது என்ற பழைய விளக்கத்தை எப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது?

இப்போது நீங்கள் கேட்ட ஊக்கிக்கு வருகிறேன், மகள். 1965இல் வெளிவந்த அந்த ரோடியம் சேர்வையில் பொசுபரசு வழியாக உலோகத்தைப் பற்றும் மூன்று பொஸ்பீன் மூலக்கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று விலகி இடம் விடுவதால்தான் ஐதரசனும், காபன்–காபன் இரட்டைப் பிணைப்புள்ள அல்கீனும் உலோகத்தின் மேல் சந்திக்கின்றன. சாதாரண வெப்பநிலையிலும் வளிமண்டல அமுக்கத்திலும் அல்கீனோடு ஐதரசன் சேரும் ஐதரசனேற்றம் நடந்துவிடுகிறது. பின்னர் நோல்ஸ் என்பவர் இடக்கை வலக்கை வேறுபாடுள்ள பொஸ்பீன்களை இத்தகைய ரோடியம் ஊக்கியில் இட்டு, நடுக்குவாத நோய்க்கான எல்-டோபா மருந்தை ஆக்கும் வழி கண்டார். 2001இல் அவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தங்குதனில் அடைத்த வழியை ரோடியத்தில் திறந்துவிட்டார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். அதனால் ஊக்கியையும் அல்கைல்களையும் இரண்டு ஆய்வுகளாகப் பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த உரைக்கு முன்னர் நியோபென்டைல் கூட்டத்தை, அதாவது –CH₂–C(CH₃)₃ஐ, தாளில் வரைந்து, உலோகத்திலிருந்து இரண்டாவதாக வரும் காபனில் எத்தனை ஐதரசன்கள் இருக்கின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.