காற்றுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி

வணக்கம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்தவர்களுக்குக் கூலூம் விதி ஞாபகம் இருக்கும். அதே கூலூம் 1787-ல் தெனோன் என்ற அறுவை மருத்துவரோடு பாரிசிலிருந்து இங்கிலாந்துக்குப் போனார், ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்க்க. அவர்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனை 1772-ல் தீப்பிடித்து எரிந்திருந்தது, அதுவும் ஒரே கட்டிலில் நாலைந்து நோயாளிகளை நெருக்கிப் படுக்கவைத்த இடம். அங்கிருந்து வந்தவர்களை அசத்தியது பிளைமவுத் பக்கம் ஸ்டோன்ஹவுஸில் இருந்த கடற்படை மருத்துவமனை.

சரி, அதில் அப்படி என்ன இருந்தது? 1758-ல் வேலை தொடங்கிய கட்டடம், வடிவமைத்தவர் அலெக்சாண்டர் ரோவ்ஹெட். அரண்மனை மாதிரி ஒரே பெரிய கட்டடமாக எழுப்பாமல், மூன்று மாடி உள்ள பத்துத் தனிக் கட்டடங்களை ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றி இடைவெளி விட்டு எழுப்பினார்கள். கட்டடத்துக்கு ஆறு வார்டு, வார்டுக்கு இருபது பேர், கணக்குப் போட்டால் 1,200 பேர். மழையில் நனையாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தூண் வைத்த தாழ்வாரம்.

ஏன் இவ்வளவு இடைவெளி? கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். கிருமியைப் பற்றி யாருக்கும் தெரியாது. காரணம் தப்புதான், ஆனால் ஒரு வார்டில் வந்த காய்ச்சல் அடுத்த கட்டடத்துக்குத் தாவுவது குறையும் என்ற கணக்கு தப்பவில்லை. அறியாமல் செய்த இந்தச் சரியான காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது! பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் லாரிபோசியேர் மருத்துவமனையையும் இதே தனித்தனிக் கட்டட முறையில்தான் கட்டினார்கள்.

ஸ்டோன்ஹவுஸ் மருத்துவமனை வருவதற்கு முன்னால் நோயுற்ற மாலுமிகளைச் சத்திரத்திலும் வாடகை வீட்டிலும் தங்கவைத்தார்கள், கொஞ்சம் தேறியதும் பலர் கம்பி நீட்டிவிடுவார்கள். கடற்படைக்குக் கட்டாயப்படுத்திப் பிடித்து வந்த ஆட்களும் அவர்களில் உண்டே, ஓடாமல் என்ன செய்வார்கள்? அதனால் இந்த மருத்துவமனையைச் சுற்றி உயரமான மதில். உள்ளே வரும் வழி தண்ணீர்ப் பக்கம்: கப்பலிலிருந்து நோயாளியைப் படகில் இறக்கி, கடற்கழி வழியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, மருத்துவமனையின் படித்துறையிலேயே கரையேற்றுவார்கள்.

1995-ல் மருத்துவமனையை மூடிவிட்டார்கள். வார்டுகளில் இப்போது குடும்பங்கள் குடியிருக்கின்றன. படகு வந்த கழியைத் தூர்த்துவிட்டார்கள், அது இப்போது விளையாட்டு மைதானம்.