மனம் புண்படுவது அந்த எட்டில் இல்லை

அவையோருக்கு வணக்கம்.

கருத்துச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் கிளம்பும். "நான் என்ன வேணும்னாலும் பேசுவேன், கேட்க நீ யார்?" என்பது ஒன்று. "என் மனசு புண்பட்டுடுச்சு, உடனே தடை போடு" என்பது இன்னொன்று. நம் அரசமைப்புச் சட்டத்தில் இரண்டுக்குமே இடமில்லை.

19(1)(அ) பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அந்த உரிமையை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) சொல்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என எட்டே காரணங்கள். அவற்றில் ஒன்று இருக்க வேண்டும். அதற்கென ஒரு சட்டம் இருக்க வேண்டும். கட்டுப்பாடு நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதிகாரி போனில் சொன்னார் என்பது சட்டம் ஆகாது. ஒன்பதாவது காரணம் எதையும் சேர்க்க முடியாது என்று 2023-இல் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

'பொது ஒழுங்கு' முதலில் இந்தப் பட்டியலில் இல்லை. அன்றைய சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' ஏட்டுக்குப் போட்ட தடையை 1950-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே முதலாம் திருத்தம் வந்து அதைச் சேர்த்தது. 'நியாயமான' என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் நுழைந்தது. உரிமையைச் சுருக்க வந்தவர்களே நீதிமன்றத்தின் கையில் அளவுகோலையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

சரி, மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அது பொது ஒழுங்கு என்ற வாசல் வழியாக வருவது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவுக்கு, வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தது என்பது தேவை. யாரோ ஒருவருக்கு மனம் சுருங்கியது போதாது.

'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கைப் பாருங்கள். இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். எதிர்ப்பு கிளம்பியது, சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கினால் அது மிரட்டுபவரிடம் சரணடைவது. எதிர்ப்பாளரைக் கட்டுப்படுத்துவதுதான் அரசின் வேலை என்றது. நடைமுறையில் இன்றும் பேசுகிறவரைத்தான் முதலில் அழைத்து 'அமைதியாக இருங்கள்' என்கிறார்கள். சட்டம் சொல்வதற்கு நேர் எதிர்.

அடுத்தது, "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற நம்பிக்கை. இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை உங்களைக் காப்பாற்றும். குற்றவியல் அவதூறில், அதாவது அதே சன்ஹிதாவின் 356-வது பிரிவில், உண்மை மட்டும் போதாது. பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். "நான் எழுதவில்லை, ஃபார்வேர்டுதான் செய்தேன்" என்பதும் எடுபடாது. பரப்பியவரும் பொறுப்பாளிதான் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆனால் அரசு தன் பெயர் கெட்டது என்று இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. வெளிவரும் முன்பே தடுக்கும் அதிகாரமும் அதிகாரிகளுக்கு இல்லை. பாதிக்கப்பட்டவர் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றது.

நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால், சமூக ஊடகம் கணக்கை முடக்கினால்? அங்கே பெரும்பாலும் ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டமும்தான் பேசும். 19-ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அரசு உங்கள் கூட்டத்துக்கு அனுமதி மறுத்தால் முதலில் எழுத்துப்பூர்வ உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். தேதியையும் கையெழுத்தையும் சரிபாருங்கள். உத்தரவு தர மறுத்தால், நீங்கள் கொடுத்த மனுவின் நகலும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் கையில் இருக்கட்டும். அரசமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.