மதில் மேல் போன ஒரு நிமிஷம்: ஹோமர் புறாப் பந்தயம் எப்படி நடக்குது?

[காட்சி: சென்னை காசிமேடு பக்கம் ஒரு மொட்டை மாடி. மரச்சட்டம் அடிச்ச புறாக் கூண்டு, மேல புது நீலத் தார்பாய். காலை வெயில்.]

வணக்கம். இது எங்க தாய்மாமா வீட்டு மாடி. நான் பத்தாவது படிச்சப்போ இங்க நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

மணி பத்தேகால் தாண்டியிருக்கும். மாடியில நாலு பேர் நிக்கிறோம், யாரும் பேசல. எல்லார் கண்ணும் வடக்கே. ஆந்திராவுல ஓங்கோல்ல ஆறரை மணிக்குத் திறந்து விட்ட புறா வரணும். முதல்ல ஒரு புள்ளி தெரிஞ்சுது. அடுத்த மூச்சுல அது இறக்கையைப் பாதி மடக்கிக்கிட்டு, கல்லு விழுற மாதிரி இறங்குச்சு. 265 கிலோமீட்டர் பறந்து வந்த பறவை. ஆனா கூண்டுக்குள்ள போகல. எதிர்வீட்டு மதில்ல போய் உட்கார்ந்துடுச்சு.

நான் கை தட்டப் போனேன். மாமா என் கையைப் பிடிச்சுட்டார். "டேய், அசையாத. அதுவா இறங்கட்டும். உள்ள போனாத்தான் கணக்கு."

ஒரு நிமிஷம். அந்தப் புறா கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கூண்டைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இறங்கி உள்ள போச்சு. அந்த ஒரு நிமிஷத்துலதான் அன்னைக்குப் பந்தயம் போச்சு. ஏன் போச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: மூணு வகைப் புறாக்கள், பக்கத்துல பக்கத்துல.]

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடலாம். புறா விடுறதுன்னு பொதுவா சொன்னாலும் அது ஒரே ஆட்டம் இல்ல. கர்ணப் புறா அந்தரத்துல கரணம் அடிக்கும், அந்த அழகுக்காக வளர்க்கிறாங்க. சாதா புறா சொந்த மாடிக்கு மேலயே மணிக்கணக்கா உயரத்துல வட்டம் போடும், அங்க போட்டியே எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்குதுங்கிறதுதான். நம்ம கதை மூணாவது வகையைப் பத்தினது: ஹோமர். வேற ஊருக்குக் கொண்டு போய் விட்டா வீட்டுக்குத் திரும்பி வர்ற புறா. மூணுமே மாடப்புறாவோட வம்சம்தான். பல தலைமுறையா மனுஷன் பொறுக்கிப் பொறுக்கி ஜோடி சேர்த்ததால குணம் மாறிப் போச்சு.

ஹோமர் பந்தயம் இன்னைக்கு இருக்கிற வடிவத்துல பெல்ஜியத்துல 19ஆம் நூற்றாண்டுல வளர்ந்துச்சு. அங்க ஆரெண்டோங்க் ஊர்ல ஜான்சென் சகோதரர்கள் வளர்த்த புறாக்களோட வம்சம் உலகம் முழுக்கப் பரவியிருக்கு. 2020 நவம்பர்ல நியூ கிம்னு ஒரு பெல்ஜியப் பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சு. செய்தியில வர்றது இந்த மாதிரி விலைதான். நான் பார்த்து வளர்ந்த மாடிகள்ல ஆட்டோ ஓட்டுறவங்க, மீன் ஏலக் கூடத்துல வேலை பார்க்கிறவங்க, சம்பளத்துல கம்பும் பயறும் வாங்கிப் போட்டு இதைக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. என் மரியாதை அவங்களுக்குத்தான்.

[காட்சி: வரைபடம். சென்னையில இருந்து வடக்கே ஒரு கோடு.]

சென்னைப் புறாக்களை ஏன் வடக்கே கொண்டு போறாங்க? வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். கிழக்கே கடல். தெற்கே குமரியோட நிலம் முடிஞ்சிடுது. வடக்கேதான் ரொம்ப நீளமா போகலாம். நெல்லூர் நேர்கோட்டுல சுமார் 150 கிலோமீட்டர், ஓங்கோல் 265, விஜயவாடா 380, நாக்பூர் 900 கிலோமீட்டர் பக்கம். மழைக்காலம் ஓய்ஞ்ச பிறகு ஆரம்பிச்சு, வெயில் முத்துறதுக்குள்ள முடிக்கப் பார்ப்பாங்க.

பந்தயத்துக்கு முந்தி புறாக்களை, பந்தயம் நடத்துற கிளப்புல ஒப்படைக்கணும். அங்க ஒவ்வொரு புறா கால்லயும் நம்பர் போட்ட ரப்பர் வளையம் மாட்டுவாங்க. புறா வளர்க்கிற எல்லாரோட பந்தயக் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வச்சு சீல் பண்ணுவாங்க. கூடைகள் வண்டி ஏறும். புறா வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பரைக் கழட்டி கடிகாரத்துக்குள்ள போட்டுத் திருகினா நேரம் பதிவாகும். இப்போ பல இடங்கள்ல கால்ல சிப் வளையம், கூண்டு வாசல்ல மின்னணுப் பலகை. புறா மிதிச்சதும் நேரம் தானா விழுந்துடும். ரெண்டு முறையிலயும் புறா கூண்டுக்கு வந்தே ஆகணும். மதில்ல உட்கார்ந்திருக்கிற புறா இன்னும் வழியில இருக்கிற புறாதான்.

சரி, கணக்கு. எல்லாரும் கவனிங்க, இந்த விளையாட்டோட உயிரே இங்கதான் இருக்கு.

ஓட்டப் பந்தயத்துல முடிவுக் கோடு ஒண்ணுதான். இங்க ஒவ்வொரு புறாவுக்கும் அதோட வீடுதான் முடிவுக் கோடு. வடக்கே இருந்து வர்ற புறாவுக்குக் காசிமேட்டை விடத் தாம்பரம் இருபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. அதனால யார் முதல்ல வந்தாங்கன்னு பார்க்கிறதில்ல. நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் பறந்துச்சுன்னு பார்ப்பாங்க.

[காட்சி: கரும்பலகை. சாக்பீஸால எழுதிக்கிட்டே.]

அன்னைக்கு நடந்ததை, புரியறதுக்காக முழு எண்ணாவே எழுதுறேன். மாமா புறா 265 கிலோமீட்டர், பதிவான நேரம் 10:20, அதாவது 230 நிமிஷம். 2,65,000 மீட்டரை 230 ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 1152 மீட்டர். தாம்பரத்துப் புறா 286 கிலோமீட்டர், வந்தது 10:38க்கு, 248 நிமிஷம். வகுத்தா 1153. பதினெட்டு நிமிஷம் பிந்தி வந்த தாம்பரத்துப் புறா ஜெயிச்சிடுச்சு, ஒரே ஒரு மீட்டர் வித்தியாசத்துல. இப்போ அந்த மதில் நிமிஷத்தைக் கழிச்சுப் பாருங்க. 229 நிமிஷம்னா மாமா புறாவுக்கு 1157. முதல் பரிசு.

புறா ஏன் மதில்ல உட்கார்ந்துச்சு? விடை இந்த வீடியோவோட முதல் காட்சியிலயே இருக்கு. அந்தப் புது நீலத் தார்பாய். புறாவைக் கிளப்புல கொடுத்த மறுநாள் கூண்டு ஒழுகுதுன்னு மாமா அதைப் போட்டார். தான் விட்டுட்டுப் போன வீட்டுக்கு மேல பெருசா, பளபளன்னு, பழக்கமில்லாத ஒண்ணு காத்துல படபடக்குது. அதுக்கு சந்தேகம். மாமா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அதுக்கு அப்புறம் பந்தயம் நடக்கிற மாசங்கள்ல கூண்டுல ஒரு ஆணி கூட புதுசா அடிச்சதில்ல.

[காட்சி: கூடு. ரெண்டு முட்டை.]

இப்போ கூண்டுக்குள்ள போவோம். ஜோடி சேர்ந்த புறா ரெண்டு முட்டை போடும். பதினேழு, பதினெட்டு நாள் அடைகாக்கும். அம்மாவும் அப்பாவும் முறை வச்சு உட்காருவாங்க. காலை வெயில் ஏறினதும் ஆண் வந்து உட்காரும், சாயங்காலம் பெண் வந்து ராத்திரி முழுக்கப் பார்த்துக்கும். பொரிச்ச குஞ்சுக்கு முதல் நாட்கள்ல தானியம் கிடையாது. தொண்டைப் பையில தயிர்த் திப்பி மாதிரி ஊறுற புறாப்பால்தான். அது அப்பாவுக்கும் சுரக்கும். பறவைகள்ல இப்படிப் பால் கொடுக்கிறது ரொம்ப அபூர்வம்.

ஏழாவது நாள் பக்கம் வளையம் மாட்டணும். இதைக் கிட்ட காட்டுறேன். குஞ்சைக் கையில எடுத்தா சூடா இருக்கும், மஞ்சள் முடி ஒட்டிக்கிட்டு அழகே இருக்காது. முன்னாடி இருக்கிற மூணு விரலையும் ஒண்ணா சேர்த்து வளையத்துக்குள்ள விடணும். பின் விரல் காலோட ஒட்டி மாட்டிக்கும். தீக்குச்சியால அதை மெதுவா நெம்பி வெளிய எடுக்கணும். ரெண்டு நாள் முன்னாடி போட்டா வளையம் கழண்டு விழும். நாலு நாள் தாமதிச்சா உள்ள போகவே போகாது. வருஷமும் நம்பரும் பொறிச்ச இந்த வளையம் சாகுற வரைக்கும் கால்ல இருக்கும். புறாவுக்கு இதுதான் பிறப்புச் சான்றிதழ்.

குஞ்சு தானா தீனி பொறுக்க ஆரம்பிச்சதும், ஒரு மாச வயசுல, அது எந்தக் கூண்டைச் சுத்திப் பறந்து பழகுதோ அதுதான் ஆயுசுக்கும் அதோட வீடு. அதனாலதான் வளர்ந்த ஹோமரை வாங்கிட்டு வந்து நம்ம மாடியில திறந்து விட முடியாது. கதவைத் திறந்தா பழைய வீட்டுக்கே போயிடும். அப்படி வாங்கினதை உள்ளயே வச்சு, குஞ்சு எடுக்க மட்டும் ஜோடி சேர்ப்பாங்க.

தீனி விஷயத்துல ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வேதம் உண்டு. கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பச்சைப்பயறு, பட்டாணி, தூரப் பந்தயத்துக்கு முன்னாடி கொஞ்சம் வேர்க்கடலை. எதைப் போட்டாலும் டப்பாவைக் குலுக்கிட்டுத்தான் போடணும். பறந்து முடிச்சு உள்ள வந்த பிறகுதான் தீனி. குலுக்கற சத்தம் கேட்டா மதில்ல நிக்காம இறங்கணும், அந்தப் பழக்கம் குஞ்சுலயே வரணும். வாசல்ல தொங்குற கம்பிகள் உள்பக்கம் மட்டும்தான் திறக்கும். தலையால முட்டி உள்ள போகலாம், வெளிய வர முடியாது.

இன்னொரு சூட்சுமம் குடும்பம். கூட்டுல முட்டையோ சின்னக் குஞ்சோ இருக்கிற புறா திரும்பி வர்ற வேகமே வேற. சிலர் ஜோடியைப் பிரிச்சு வச்சு, கூடையில போடுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிட்டு அனுப்புவாங்க.

அப்புறம் டாஸ், அதாவது தூரமா கொண்டு போய் விட்டு வீட்டுக்கு வரப் பழக்கறது. முதல் நாள் அஞ்சு கிலோமீட்டர், அப்புறம் பத்து, இருபது, அம்பது. ஒரே திசையில படிப்படியா தள்ளிக்கிட்டே போவாங்க.

[காட்சி: திறந்த கூடை. கிளம்புற புறாக்கள்.]

புறாவுக்கு வழி எப்படித் தெரியுது? இதுக்கு முழு விடை இன்னும் இல்ல. ஆனா துண்டு துண்டா அற்புதமான விஷயங்கள் தெரிஞ்சிருக்கு. சூரியன் ஒண்ணு. ஆய்வாளர்கள் புறாவை ஒரு அறையில வச்சு, விளக்கை ஆறு மணி நேரம் மாத்திப் போட்டுப் பழக்கினாங்க. அதோட உடம்புக் கடிகாரம் ஆறு மணி நேரம் தள்ளிப் போச்சு. வெளிய விட்டப்போ சுமார் 90 டிகிரி தப்பான திசையில பறந்துச்சு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, ஆறு மணி நேரத்துக்கு 90. கணக்கு அப்படியே பொருந்துச்சு. அதாவது நேரத்தையும் சூரியனையும் சேர்த்து வச்சுத்தான் அது திசை பார்க்குது.

மேகம் மூடினா? 1971ல அமெரிக்காவுல வில்லியம் கீட்டன் புறா மேல சின்னக் காந்தம் ஒட்டி விட்டார். வெயில் நாள்ல நேரா வீட்டுக்கு வந்த புறாக்கள், மேகமூட்டத்துல தடுமாறிச்சு. பூமியோட காந்தப் புலத்தையும் அது உணருதுங்கிறதுக்கு அது பெரிய தடயம். அதே காலகட்டத்துல இத்தாலியில ஃப்ளோரியானோ பாபி குழு, மோப்ப நரம்பை இழந்த புறாக்கள் பழக்கமில்லாத இடத்துல இருந்து வர முடியாம திணறினதைக் காட்டுச்சு. காத்துல வர்ற வாசனையே அதுக்கு ஒரு வரைபடம். இன்னும் பிற்காலத்துல ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கட்டி விட்டப்போ, பழகின வழியில புறாக்கள் நெடுஞ்சாலையைப் பிடிச்சுக்கிட்டுப் பறக்கிறது தெரிஞ்சுது. நம்ம புறாக்களுக்கு ஓங்கோல்ல இருந்து வர்ற கடற்கரைக் கோடும் பழவேற்காடு ஏரியும் அப்படி உதவும்னு நான் நம்புறேன்.

இவ்வளவு இருந்தும் தொலைஞ்சு போகும். 1997 ஜூன் 29ல பிரான்ஸ்ல நான்ட் ஊர்ல இருந்து இங்கிலாந்துக்கு சுமார் 60,000 புறாக்களை விட்டாங்க. பெரும்பகுதி வீடு வந்து சேரல. கான்கார்டு விமானத்தோட அதிர்வலை அதுங்களோட காது கேட்கிற திறனைக் குழப்பியிருக்கலாம்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சொல்றார்.

நம்ம ஊர் ஆபத்துகள் வேற. வல்லூறு இருக்கு. அது அதோட பசிக்கு அடிக்குது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா மாஞ்சா நூல்? 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. இன்னமும் இறக்கை அறுந்து வர்ற புறாக்களைத் தைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்னொண்ணும் வெளிப்படையா சொல்லணும். சித்திரை வெயில்ல, சரியா பழக்காத இளம் புறாக்களைப் பெரிய தூரத்துக்கு அனுப்புறது தப்பு. "வர்றது வரட்டும்"னு சொல்றவங்க புறா வளர்க்கக் கூடாது.

[காட்சி: மாலை. அதே மாடி. ஒரு தண்ணிக் கிண்ணம்.]

பந்தயம் முடிஞ்சு மூணாவது நாள் சாயங்காலம் மாமாவோட இன்னொரு புறா வந்துச்சு. வால்ல பாதி இறகு இல்ல. கடிகாரம் எப்பவோ கிளப்புக்குப் போயிடுச்சு. மாமா கிண்ணத்தைக் கிட்ட வச்சார். கோழி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்காது புறா. அலகை முழுசா தண்ணிக்குள்ள விட்டு உறிஞ்சும். அது ரொம்ப நேரம் தலையை எடுக்கவே இல்ல.

உங்க மாடியிலயும் இப்படி ஒண்ணு இறங்கலாம், கால்ல வளையத்தோட. களைச்சுப் போன ஹோமர் அது. ஆழமான கிண்ணத்துல தண்ணி வைங்க. கம்பு, பச்சைப்பயறு, அரிசி எது இருந்தாலும் பச்சையா போடுங்க, சோறும் ரொட்டியும் வேண்டாம். சிலர் போன் நம்பர் எழுதின வளையமும் மாட்டியிருப்பாங்க, இருந்தா கூப்பிட்டுச் சொல்லுங்க. ராத்திரி பூனை எட்டாத இடத்துல, காத்துப் போற ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வைங்க. காலையில வெயில் வந்த பிறகு பெட்டியை மாடி நடுவுல வச்சு, மூடியைத் திறந்துட்டு நாலடி தள்ளி நில்லுங்க. கையில எடுத்து மேல எறிய வேண்டாம். கொஞ்ச நேரம் சுத்தி முத்திப் பார்க்கும். ரெண்டு மூணு வட்டம் அடிக்கும். அப்புறம் ஒரு பக்கமா நேரா கிளம்பிடும்.