"நெட் வரல" என்றால் எது வரவில்லை?

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. சாலையோரக் கம்பங்களில் ஒரு கருப்பு கேபிள் மேலே ஏறிப் போகிறது.)

வணக்கம். சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு போகும் இந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வழியில் வண்டி நின்றுபோனால் "மலையில் நிற்கிறோம்" என்று யாரும் போன் செய்வதில்லை. "12ஆவது வளைவு தாண்டி நிற்கிறோம்" என்கிறோம். மெக்கானிக் நேராக அங்கே வந்துவிடுகிறார். இன்டர்நெட் கெட்டுப்போனால் மட்டும் நம் எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான்: "நெட் வரல."

கோளாறு எந்த வளைவில் நிற்கிறது என்று சொல்லும் வார்த்தைகளைப் பார்ப்போம்.

(காட்சி: ஸ்பீடு டெஸ்ட் திரை.)

முதலில் பேண்ட்வித். ஒரு நொடியில் எவ்வளவு தரவு போக முடியும் என்ற அளவு, அதாவது பாதையின் அகலம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோட் 12 எம்பிதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். இணைப்பை பிட்டில் சொல்கிறார்கள், டவுன்லோடை பைட்டில் காட்டுகிறார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. கணக்கு சரிதான்.

அடுத்தது லேட்டன்சி. தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட். ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் இது. பிங் என்ற சோதனையைக் கொடுத்தால் மில்லி செகண்டில் காட்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சேலத்தில் இருந்து சென்னை சாலை வழியே 340 கிலோமீட்டர் அளவில் வரும். கேபிளும் அதே தூரம் என்று வைத்தால், போய்வர 4 மில்லி செகண்டுகூட வேண்டாம். பிங்கில் 80 வருகிறதா? அந்த நேரம் எங்கோ ஒரு ரூட்டரின் வரிசையில் காத்திருப்பதிலோ, சுற்றுவழியிலோ போகிறது. இதற்குப் பெரிய பிளான் போட்டுப் பயனில்லாமல் போகலாம். சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும் 20 வளைவு 20 வளைவுதானே!

லேட்டன்சி நிலையாக இல்லாமல் ஏறி இறங்கினால் ஜிட்டர். பாக்கெட் வந்தே சேராவிட்டால் பாக்கெட் லாஸ். ஃபைல் என்றால் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை. வீடியோ காலில் அம்மாவின் குரல் துண்டு துண்டாகக் கேட்பது இதனால்தான்.

(காட்சி: சுவரில் ஃபைபர் பெட்டி. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது.)

இப்போது வீட்டுக்குள் வருவோம். ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றித் தரும் இந்தப் பெட்டி ஓஎன்டி. மறுமுனையில், நெட் கம்பெனி அலுவலகத்தில் இருப்பது ஓஎல்டி. நடுவில் கம்பத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது. அந்தப் பிரிப்பிலேயே 15 டெசிபல் போய்விடும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். வந்துசேரும் ஒளியின் அளவை டிபிஎம் என்று சொல்வார்கள், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. வீட்டுக்கு வரும் ஒளி மைனஸ் 20 டிபிஎம் என்றால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ ஜாயிண்ட் கெட்டிருக்கிறது, அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. ஒளி வரவே இல்லை, அல்லது மிகவும் குறைந்துவிட்டது என்றால் அந்தச் சிவப்பு. எல்ஓஎஸ் என்றால் சிக்னல் இழப்பு.

எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை டையிங் காஸ்ப். கரண்ட் போகும் அந்த நொடியில், உள்ளே மிச்சமிருக்கும் சொட்டு மின்சாரத்தில் ஓஎன்டி "நான் அணைகிறேன்" என்று ஓஎல்டிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணையும். கடைசி மூச்சு. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்டும் போகும், ஃபைபரும் அறுந்துபோகும். கடைசி மூச்சு வந்திருந்தால் வீட்டில் கரண்ட் இல்லை. வராமலே காணாமல் போனால் ஃபைபரைத் தேட வேண்டும்.

இந்தச் செய்தி ஓஎல்டியில் இருந்து கம்பெனியின் கண்காணிப்பு அறைக்கு எஸ்என்எம்பி வழியாகப் போகலாம். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் பொது மொழி அது. 1988இல் முதல் வடிவம் வந்தது, இன்றும் ஓடுகிறது. அறையில் இருக்கும் மென்பொருள் ஒவ்வொரு கருவியிடமும் முறை வைத்து நலம் விசாரிப்பது போலிங். கருவி தானே அவசரமாகக் கூப்பிடுவது டிராப். 32 ஓஎன்டியும் கடைசி மூச்சு இல்லாமல் ஒரே நேரத்தில் போனால் ஸ்ப்ளிட்டரிலோ, அதற்கு முன்னால் அலுவலகப் பக்கமோ கோளாறு. ஒன்று மட்டும் போனால் அந்த வீட்டுக்கு இழுத்த கேபிளைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் ஒருமுறை மூன்று நாள் நெட் இல்லை. பெட்டியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஓடிடிஆர் கொண்டுவந்தார்கள். அது ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று காட்டும் கருவி. அந்த மீட்டரைச் சாலையில் அப்படியே அளக்கக் கூடாது. கம்பங்களில் உபரி கேபிளை வளையமாகச் சுற்றி வைத்திருப்பார்கள், அதையும் கழிக்க வேண்டும். எந்தக் கம்பத்தில் எத்தனை சுற்று என்பது லைன்மேன் அண்ணனுக்கு மனப்பாடம். மலைக்குக் கீழே ஒரு ஜாயிண்டில் போய் நின்றார்.

சரி, அடுத்த முறை புகார் செய்யும்போது இப்படிச் சொல்லுங்கள்: "எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்குகிறது. கரண்ட் இருக்கிறது. பக்கத்து இரண்டு வீட்டிலும் இல்லை. காலை 10 மணியில் இருந்து." ஏணியை எந்தப் பக்கம் தூக்கிப் போவது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.