டோனி டங்கி: கத்தாமல் ஜெயித்த பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் என்றாலே ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துபவர் என்றுதான் நினைப்போம். டோனி டங்கி கத்தவே மாட்டார். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மின்னசோட்டா பல்கலைக்கழக அணியில் அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். 1977-இல் தொழில்முறை அணிகள் ஆளெடுத்தபோது யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பின குவார்ட்டர்பேக் என்றாலே தயங்கிய காலம் அது. பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொண்டது. ஆனால் எதிரணி வீசும் பந்தைத் தடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டது. அந்த வருடமே ஒரு வேடிக்கை நடந்தது. ஹூஸ்டனுடனான ஆட்டத்தில் ஸ்டீலர்ஸின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கும் அடிபட்டது. சரி, பழக்கமுள்ள ஆள்தானே என்று டங்கியை இறக்கினார்கள். அவர் வீசிய பந்தை எதிரணி பறித்தது. அதே ஆட்டத்தில் எதிரணி வீசிய பந்தை அவரும் பறித்திருந்தார்!

அடுத்த பருவத்தில் சூப்பர் பௌல், அதாவது சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதி ஆட்டத்தை, வென்ற அணியில் இருந்தார். ஆனாலும் மூன்றே பருவங்களில் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது. பிறகு பயிற்சியாளரானார். 28 வயதில் ஸ்டீலர்ஸின் தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பாளர். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கோ 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை வருடம் தாமதித்ததற்கு ஆட்டத்தில் காரணம் தேடினால் கிடைக்காது என்பது என் எண்ணம்.

கிடைத்த அணி டாம்பா பே, தோற்றே பழகிய அணி. முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. டங்கி திட்டத்தை மாற்றவில்லை. பின்வரிசையில் இருவர் மைதானத்தின் ஆழத்தை ஆளுக்குப் பாதியாகக் காப்பார்கள். வீச்சு வருகிறது என்று தெரிந்ததும் நடுவில் நிற்கும் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர், பின்னால் ஓடி, அந்த இருவருக்கும் இடையிலுள்ள ஓட்டையை அடைப்பார். 'டாம்பா 2' என்பது இவ்வளவுதான். அடிப்படை, ஸ்டீலர்ஸில் அவரே ஆடியபோது கற்றது. ஆறு பருவங்களில் நான்கு முறை அணி பிளேஆஃப் என்னும் நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. அப்புறமும் வேலை போனது. அடுத்த பருவத்திலேயே, வேறொருவர் தலைமையில், டாம்பா பே சூப்பர் பௌல் வென்றது. வயிற்றெரிச்சல் வராதா?

டங்கி இண்டியானாபொலிஸ் அணிக்குப் போனார். 2007 பிப்ரவரியில் மயாமியில், கொட்டும் மழையில், சிகாகோவை 29-17 என்று வென்றார். சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். எதிர்ப்பக்கம் நின்ற லவ்வி ஸ்மித்தும் கறுப்பினத்தவர். டாம்பாவில் டங்கியிடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடம் கழித்து அதே கோப்பையை வென்ற மைக் டாம்லினும் டங்கி டாம்பாவில் வேலைக்கு எடுத்த ஆள். டாம்லின் நடத்திய அணி ஸ்டீலர்ஸ். ஆட்டம் நடந்த ஊர் டாம்பா.