பாலிசி வேற, ப்ரொசீஜர் வேற

வணக்கம் நேயர்களே. கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரி ஆபீஸ், ரிசார்ட், ஸ்கூல்னு எங்க போய் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி கேட்டாலும் ஒரு தடி ஃபைலை எடுத்து இதுதாங்க எங்க பாலிசின்னு நீட்டுறாங்க, பிரிச்சா பாஸ்வேர்டு நீளம், பேக்கப் எடுக்குற ஸ்டெப், முதலாளியோட உறுதிமொழி எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கு, அப்புறம் யார் படிப்பாங்க. பாலிசி, ஸ்டாண்டர்டு, கைட்லைன், ப்ரொசீஜர்னு இதை நாலாப் பிரிச்சு எழுதணுங்க.

பாலிசிங்கறது நிர்வாகம் கையெழுத்து போட்டு, இலை குடுக்குற சிறு விவசாயியோட பேங்க் அக்கவுன்ட் விவரத்தை நாங்க காப்பாத்துவோம், இதுக்கு இன்னார் பொறுப்புன்னு சொல்றது. ரெண்டு பக்கம் போதும், அடிக்கடி மாறாது. கட்டாயமான அளவெல்லாம் ஸ்டாண்டர்டுல வரணும். பாஸ்வேர்டை மாசாமாசம் மாத்தச் சொல்ற பழக்கமே வேண்டாம்னு அமெரிக்க அரசோட தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லயே சொல்லிருச்சு, அந்த பழைய விதியை பாலிசிக்குள்ள எழுதி வச்சிருந்தா அதை எடுக்கவே மறுபடி போர்டு மீட்டிங் போடணும். கைட்லைன் வெறும் யோசனைதான், முடிஞ்சவரைக்கும் பின்பற்றலாம்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது ப்ரொசீஜர்தாங்க. யார், எப்போ, எந்த வரிசையில என்ன செய்யணும்ங்கறது. சைபர் தாக்குதலைக் கவனிக்கிற இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி, அந்த உத்தரவோட பட்டியல்ல இருக்குற சைபர் சம்பவம் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும், லாக், அதாவது கம்ப்யூட்டர்ல எப்போ என்ன நடந்துச்சுங்கற பதிவெல்லாம் 180 நாள் வச்சிருக்கணும், இது கம்பெனிகளுக்கும் பொருந்தும். அந்த 180 நாள் ஸ்டாண்டர்டுல, 6 மணி நேரம் ப்ரொசீஜர்ல. ஆனா கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ்ல எழுதின ப்ரொசீஜரை அப்படியே இங்க ஒட்டி வச்சா, சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடவும்னு ஒரு வரி இருக்கும், மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ஏறுற பர்லியார் ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்குற அன்னிக்கு அவர் எப்படிங்க மேல வருவாரு, நெட்டும் இருக்காது, போன் நம்பரெல்லாம் வைரஸ் பூட்டிப்போட்ட அதே கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். அதனால நம்பரைத் தாள்ல அச்சடிச்சு செவுத்துல ஒட்டுங்க, நெட் கேபிளை யார் பிடுங்கணும், ஆபீஸ் நெட் போனா எந்த போன்ல இருந்து ரிப்போர்ட் போகணும்னு ஆளோட பொறுப்பைப் போட்டு எழுதுங்க.

மழை பிடிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை வச்சு ஒருதடவை ஒத்திகை பாருங்க, பேக்கப்புல இருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுங்க, எவ்வளவு நேரமாச்சு, எந்த ஸ்டெப்புல நின்னுச்சுன்னு அதே தாளோட ஓரத்துல தேதி போட்டுக் குறிச்சு வைங்க. நன்றிங்க, வணக்கம்.